கல்லை ஆராய்ந்தவர் கலைக்காக வாதாடினார்

ஆனந்த குமாரசாமி என்றதும் சிவதாண்டவத்தைப் பற்றிய கட்டுரைதான் பலருக்கு நினைவுக்கு வரும். அந்தக் கட்டுரையை எழுதுவதற்கு முன்பு அவர் இலங்கைக் கனிம ஆய்வுத் துறையின் முதல் இயக்குநராக இருந்தார். ரத்தினபுரிப் பக்கத்து ஆற்றுச் சரளையையும் கண்டி மலைகளின் பாறைகளையும் ஆராய்ந்து, உலகக் கனிமப் பட்டியலில் இரண்டு புதிய பெயர்கள் ஏறக் காரணமானவர். பிறந்ததோ வழக்கறிஞர் குடும்பத்தில். தந்தை லண்டனில் பாரிஸ்டர் ஆனவர். அத்தை மகன் இலங்கை அரசின் சொலிசிட்டர் ஜெனரலாக இருந்தவர். ஆனந்தர் சட்டம் படிக்கவில்லை, கறுப்பு அங்கி அணியவும் இல்லை. ஆயினும் 30 வயதுக்குள் கற்களை விட்டு விலகி, அழிந்துகொண்டிருந்த கைவினைஞர்களுக்காக வாதாடத் தொடங்கினார். அந்த வாதத்துக்கு வேண்டிய பொறுமையையும் சான்று தேடும் பழக்கத்தையும் அவருக்குக் கற்றுக்கொடுத்தது கனிம ஆய்வுதான்.

வழக்கறிஞர் குடும்பம்

யாழ்ப்பாணத்தில் வேர்கொண்ட அந்தக் குடும்பம் கொழும்பில் செல்வாக்குப் பெற்றது ஆனந்தரின் பாட்டனார் காலத்தில். ஆறுமுகம்பிள்ளை குமாரசாமி முதலியார் ஆங்கிலேய ஆளுநரின் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றி, 1830-களில் இலங்கையின் சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதியாக நியமனம் பெற்றவர். அவருடைய மகன் முத்து குமாரசாமி 1834-இல் பிறந்தார். கொழும்பு அகடமியில் படித்து வழக்கறிஞராகி, சட்டநிரூபண சபையிலும் இடம்பெற்றார். பிறகு லண்டன் சென்று, 1863-இல் லிங்கன்ஸ் இன் சட்டக் கழகத்தின் வழியே பாரிஸ்டர் ஆனார். கிறிஸ்தவரோ யூதரோ அல்லாத ஒருவரை இங்கிலாந்தின் வழக்கறிஞர் அவை ஏற்றுக்கொண்டது அதுவே முதல் தடவை.

அதே ஆண்டில் அவர் அரிச்சந்திரன் கதையை ஆங்கில நாடகமாக்கி வெளியிட்டார். பொய் சொல்ல மறுத்துச் சுடுகாடு வரை போன மன்னனின் கதையை ஒரு தமிழ் வழக்கறிஞர் லண்டன் வாசகர்களுக்குக் கொண்டுபோனார். பாலி மொழியிலிருந்து தாதாவம்சம், சுத்த நிபாதம் ஆகிய பௌத்த நூல்களையும் ஆங்கிலத்தில் பெயர்த்தார். இரண்டும் 1874-இல் வெளிவந்தன. அதே ஆண்டில் விக்டோரியா அரசி அவருக்கு 'சர்' பட்டம் அளித்தார்.

முத்து குமாரசாமியின் சகோதரி பிள்ளைகளில் இருவர் இலங்கை வரலாற்றில் தனித்தனியே இடம்பெற்றவர்கள். ஒருவர் சட்டத்திலும் அரசியலிலும் பெயர்பெற்ற பொன்னம்பலம் இராமநாதன். மற்றவர், இலங்கை சிவில் சேவைக்குப் போட்டித் தேர்வு எழுதி நுழைந்த முதல் இலங்கையரான பொன்னம்பலம் அருணாசலம். மாமன் முத்து குமாரசாமியின் வழியில்தான் இருவரும் பொதுவாழ்வுக்கு வந்தார்கள்.

1876-இல் முத்து குமாரசாமி இங்கிலாந்தின் கென்ட் பகுதியைச் சேர்ந்த எலிசபெத் கிளே பீபியை மணந்தார். 1877 ஆகஸ்ட் 22 அன்று கொழும்பில் பிறந்த குழந்தைக்கு ஆனந்த கென்டிஷ் குமாரசாமி என்று பெயர் வைத்தார்கள். நடுப்பெயர் தாயின் ஊரைக் குறிப்பது. மறுவருடம் தாயும் குழந்தையும் இங்கிலாந்து போனார்கள். பின்னால் போய்ச் சேர வேண்டிய தந்தை, புறப்பட இருந்த நேரத்தில் 1879 மே 4 அன்று கொழும்பில் காலமானார். குழந்தைக்கு அப்போது இரண்டு வயதுகூட நிறையவில்லை. தாய் இங்கிலாந்திலேயே தங்கி மகனை வளர்த்தார். சட்டத் தொழிலைக் கையில் பிடித்துக் கற்றுத்தரத் தந்தை இல்லை. மச்சான்மார் கடலுக்கு அப்பால் இருந்தார்கள்.

குன்றில் தொடங்கிய படிப்பு

12 வயதில் ஆனந்தர் குளொஸ்டர்ஷயரில் ஸ்டோன்ஹவுஸ் என்ற ஊரிலிருந்த விக்ளிஃப் கல்லூரிப் பள்ளியில் சேர்க்கப்பட்டார். பள்ளிக்கு அருகே டோவரோ என்றொரு குன்று. அச்சில் வந்த அவருடைய முதல் எழுத்து அந்தக் குன்றின் பாறை அடுக்குகளைப் பற்றியது. தொடர்ந்து லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் நிலவியலும் தாவரவியலும் பயின்று 1900-இல் முதல் வகுப்பில் தேறினார்.

பட்டம் பெற்ற அதே ஆண்டில், லண்டன் நிலவியல் சங்கத்தின் காலாண்டிதழில் இலங்கைப் பாறைகளையும் அவற்றில் கிடைக்கும் கிராஃபைட்டையும் பற்றிய அவருடைய கட்டுரை வந்தது. இலங்கைக் கிராஃபைட் அக்காலத்தில் உலகச் சந்தையில் பெயர்பெற்ற சரக்கு. உலோகம் உருக்கும் மூசைகளுக்கு அது தேவைப்பட்டது. 1902-இல் இலங்கையின் படிகச் சுண்ணாம்புக்கல் பற்றி ஒன்றும் காலிப் பகுதிப் பாறைகள் பற்றி ஒன்றுமாக மேலும் இரண்டு கட்டுரைகள் அதே இதழில் வந்தன. 25 வயது இளைஞர் ஒருவர் இலங்கை நிலவியலில் பேர் சொல்லத்தக்க நிபுணராகிவிட்டார். 1902-இல் எதெல் பார்ட்ரிட்ஜை மணந்தார். பிற்காலத்தில் எதெல் மைரே என்ற பெயரில் இங்கிலாந்தின் புகழ்பெற்ற கைத்தறிக் கலைஞரானவர் இவரே.

1903-இல் இலங்கை அரசு கனிம ஆய்வுத் துறை ஒன்றைத் தொடங்கியது. தீவில் எந்தக் கனிமம் எங்கே இருக்கிறது, எதனால் வருமானம் வரும் என்று கண்டறிவது அதன் வேலை. லண்டன் இம்பீரியல் இன்ஸ்டிடியூட்டின் இயக்குநர் விண்டம் டன்ஸ்டன் அங்கிருந்தபடியே பகுப்பாய்வுகளுக்குப் பொறுப்பேற்றார். தீவில் களப்பணிக்குத் தலைமை ஏற்க அழைக்கப்பட்டவர் ஆனந்த குமாரசாமி.

சரளையும் கூடையும்

இலங்கையின் ரத்தினக் கற்கள் பெரும்பாலும் பாறையை உடைத்து எடுக்கப்படுவதில்லை. மலைப்பாறைகள் கோடிக்கணக்கான ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் சிதைந்து, அவற்றுக்குள் இருந்த கடினமான படிகங்கள் மட்டும் தேயாமல் ஆற்றோடு உருண்டு வந்து பள்ளத்தாக்குகளில் படிந்தன. அந்தப் படிவின் மேல் களிமண்ணும் வண்டலும் மூடிக்கொண்டன. கல் தேடுவோர் வயலிலோ ஆற்றங்கரையிலோ குழி தோண்டி, பக்கங்கள் சரியாதபடி மரச்சட்டம் கட்டி, ஊறும் நீரை இறைத்துக்கொண்டே இறங்குவார்கள். கல் இருக்கும் சரளை அடுக்கை அவர்கள் 'இல்லம்' என்பார்கள். சபரகமுவ மாகாணத்தில் ரத்தினபுரி, பலாங்கொடை வட்டாரங்கள் இதற்குப் பேர்போனவை.

தோண்டிய இல்லத்தைக் கூம்பு வடிவக் கூடையில் அள்ளி, இடுப்பளவு நீரில் நின்று சுழற்றுவார்கள். களிமண் கரைந்து போகும்; இலேசான மணல் விளிம்பைத் தாண்டி வழிந்துவிடும்; கனமான துகள்கள் கூடையின் அடியில் தங்கும். பிறகு கூடையை வெயிலுக்குச் சாய்த்து, பழகிய கண்கள் கல்லைப் பொறுக்கும். மலேசியாவின் ஈய நிலங்களில் பெண்கள் 'டூலாங்' என்ற மரத் தட்டால் ஈய மணலைப் பிரித்தெடுத்ததும் இதே முறைதான். சிரம்பானைச் சுற்றிய பழைய சுங்கை ஊஜோங் 19-ஆம் நூற்றாண்டில் ஈயத்தால் செழித்த இடம். அங்கும் இங்கும் வேலை செய்வது ஒரே விதி: நீரில் இலேசானது போகும், கனமானது நிற்கும்.

கூடை அடியில் நிற்பவற்றில் நீலம், மாணிக்கம், ஸ்பினெல், சிர்க்கோன், வைடூரியம், டூர்மலின், கார்னெட் எல்லாம் உண்டு. விலைபோகாத கறுப்பு மணலும் துகளும் அவற்றோடு கலந்திருக்கும். கல் வியாபாரி நிறமுள்ளதை எடுத்துக்கொண்டு கறுப்பை எறிந்துவிடுவார். எறியப்பட்ட அந்தக் கறுப்பும் கனிம ஆய்வாளருக்கு வேலை கொடுத்தது.

சிவப்பெல்லாம் மாணிக்கம் ஆகாது

நிறத்தை மட்டும் நம்பினால் கல்லில் ஏமாற வேண்டியதுதான். பிரிட்டிஷ் மணிமுடியின் முன்புறத்தில் 'கறுப்பு இளவரசனின் மாணிக்கம்' என்று பெயர் பெற்ற பெரிய சிவப்புக் கல் உண்மையில் ஸ்பினெல். இரண்டையும் பிரித்தறிய ஆய்வாளர் சில எளிய சோதனைகளை வைத்திருக்கிறார்.

முதலாவது எடை. கல்லைக் காற்றில் ஒருமுறையும் நீருக்குள் தொங்கவிட்டு ஒருமுறையும் நிறுப்பார்கள். காற்றில் 4 காரட் நிற்கும் கல் நீரில் 3 காரட் நின்றால், இழந்தது 1 காரட். 4-ஐ 1-ஆல் வகுத்தால் 4. இதுதான் குருந்தத்தின் அடர்த்தி. மாணிக்கமும் நீலமும் குருந்த வகை. அதே அளவுள்ள ஸ்பினெல் காற்றில் 3.6 காரட்தான் இருக்கும். அதன் அடர்த்தி 3.6. சிர்க்கோனுக்குப் பொதுவாக 4.6-க்கு மேல், படிகக்கல்லுக்கு 2.65.

இரண்டாவது ஒளி. மாணிக்கத்துக்குள் நுழையும் ஒளி இரண்டாகப் பிரிந்து செல்லும். அதற்கென்ற சிறு குழாய்க் கருவியில் பார்த்தால் ஊதாச் சாயல் கொண்ட சிவப்பும் ஆரஞ்சுச் சாயல் கொண்ட சிவப்பும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். ஸ்பினெலில் ஒரே சிவப்புதான். சிர்க்கோனில் இந்தப் பிரிவு மிக அதிகம். பட்டை தீட்டிய சிர்க்கோனை மேலிருந்து உருப்பெருக்கியில் பார்த்தால் அடிப்பக்கப் பட்டைகளின் விளிம்புகள் இரட்டைக் கோடாகத் தெரியும். நிறமற்ற சிர்க்கோன் 'மாத்தறை வைரம்' என்ற பெயரில் விற்கப்பட்டாலும் இந்த இரட்டைக் கோடு அதைக் காட்டிக்கொடுத்துவிடும். வைரத்தில் அது இராது.

மூன்றாவது கடினம். வைரத்துக்கு 10, குருந்தத்துக்கு 9, வைடூரிய வகைக்கு 8.5, ஸ்பினெலுக்கு 8 என்று அளவுகோல் உண்டு. கடினமான கல் மென்மையான கல்லைக் கீறும். தீட்டி முடித்த கல்லில் கீறிப் பார்ப்பது நாசம் என்பதால், இந்தச் சோதனை கரடுமுரடான துண்டுகளுக்கு மட்டுமே ஏற்றது.

கல்லைச் சோதித்து உண்மை காண்பது தமிழருக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தில் மதுரை ரத்தினக் கடைத்தெருவைப் பாடும் பகுதி, வைரம் முதல் பவளம் வரை குற்றமும் குணமும் பிரித்துச் சொல்கிறது. பாண்டியன் அவையில் கண்ணகி எடுத்த வழக்கும் ஒரு கல்லில்தான் தீர்ந்தது. அரசியின் சிலம்பில் பரல் முத்து. உடைத்துக் காட்டிய சிலம்பிலிருந்து தெறித்தது மாணிக்கம்.

நீலப்பச்சைக் கல்

துறை தொடங்குவதற்கு முந்தைய ஆண்டான 1902-இல், கண்டிப் பகுதியில் அம்பகோட்டைக்கு அருகே கங்கபிட்டிய என்ற இடத்தில் குமாரசாமி புதுமையான ஒரு கனிமத்தைக் கண்டார். சுண்ணாம்புக்கல்லும் வேறொரு பாறையும் சந்திக்கும் எல்லையில், நீலமும் பச்சையும் கலந்த சிறு துகள்களாக அது இருந்தது. பிரிட்டிஷ் மியூசியத்தின் கனிமவியலாளர் ஜி. டி. பிரையருடன் சேர்ந்து அதைப் பகுத்தாராய்ந்து, 1903-இல் மினரலாஜிக்கல் மேகசின் இதழில் இருவரும் வெளியிட்டார்கள். இலங்கைக்கு அரபியர் வழங்கிய செரண்டிப் என்ற பெயரையொட்டி அதற்குச் செரண்டிபைட் என்று பெயரிட்டார்கள்.

கால்சியம், மக்னீசியம், அலுமினியம், போரான், சிலிக்கா கலந்த இந்தக் கனிமம் பெரும்பாலும் ஒளி ஊடுருவாத துகள்களாகவே கிடைக்கும். பட்டை தீட்டத் தகுந்த தெளிவான துண்டு மிக அபூர்வம். நெடுங்காலம் உலகம் முழுக்க விரல்விட்டு எண்ணும்படியான தீட்டிய செரண்டிபைட் கற்களே இருந்தன. பின்னர் மியன்மாரின் மொகோக்கிலும் கிடைக்கத் தொடங்கியது. அரிய ரத்தினங்கள் என்று நிபுணர்கள் இன்று போடும் பட்டியல்களில் இது தவறாமல் இடம்பெறுகிறது. இலங்கைச் சரளையிலிருந்து பிற்காலத்தில் சின்ஹலைட், ஏகநைட் போன்ற வேறு புதிய கனிமங்களும் இனங்காணப்பட்டன. 1903-இல் தொடங்கிய வரிசை அது.

கனத்த கறுப்புக் கட்டி

அடுத்த கண்டுபிடிப்பு வியாபாரிகள் எறிந்த கறுப்பிலிருந்து வந்தது. பலாங்கொடைப் பக்கத்து ஓடைச் சரளையில் கல் தேடிய டபிள்யூ. டி. ஹாலண்ட் என்பவர் கனசதுர வடிவில், அசாதாரணமாகக் கனத்த கறுப்புப் படிகங்களைக் கவனித்தார். அவை கனிம ஆய்வுத் துறைக்கு வந்தன. குமாரசாமி அவற்றை யுரேனியக் கனிமமான யுரேனினைட் என்று முதலில் கருதினார். வடிவமும் நிறமும் கனமும் அப்படித்தான் சொல்லின. மாதிரிகள் லண்டன் சென்றன. 1904-இல் டன்ஸ்டனின் பகுப்பாய்வில், எடையில் சுமார் முக்கால் பங்கு தோரியம் ஆக்சைடு என்று தெரிந்தது. உலகம் அதுவரை அறியாத கனிமம். டன்ஸ்டன் அதற்குத் தோரியனைட் என்று பெயரிட்டார். அதன் அடர்த்தி 10-ஐ நெருங்கும். நீலக்கல்லைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

தோரியத்துக்கு அப்போது பெரிய சந்தை இருந்தது. ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் அவர் ஃபோன் வெல்ஸ்பாக் உருவாக்கிய வாயு விளக்கின் வலைத்திரி, 99 பங்கு தோரியம் ஆக்சைடும் 1 பங்கு சீரியம் ஆக்சைடும் கொண்டது. பெட்ரோமாக்ஸ் விளக்கில் கட்டுகிற மேன்டில் அதுதான். ஐரோப்பிய நகரத் தெருக்கள் அந்த வெளிச்சத்தில் ஒளிர்ந்தன. பிரேசில் கடற்கரை மோனசைட் மணலே தோரியத்தின் முக்கிய ஆதாரமாக இருந்ததால், தோரியம் இவ்வளவு அடர்ந்த கனிமம் கிடைத்ததும் பரபரப்பு எழுந்தது. ஆனால் இலங்கையில் கிடைத்த அளவு சிறிது. 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து இறக்குமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். குமரிக் கடற்கரை மணவாளக்குறிச்சியின் மணல் அதன்பிறகே உலகச் சந்தைக்குப் போனது. மலேசியாவில் ஈயம் பிரித்தபின் மிஞ்சும் 'அமாங்' கழிவு மணலிலும் மோனசைட் உண்டு.

விளக்கைவிட அறிவியலுக்கு இந்தக் கறுப்புக் கட்டி அதிகம் கொடுத்தது. தோரியனைட் கதிரியக்கம் உள்ளது. அதற்குள் ஹீலியம் வாயு சிறைப்பட்டிருக்கிறது. அந்த ஹீலியத்தின் அளவைக் கொண்டு பாறைகளின் வயதைக் கணக்கிடும் முயற்சியில் இயற்பியலாளர் ஆர். ஜே. ஸ்ட்ரட் அதைப் பயன்படுத்தினார். குமாரசாமி படித்த அதே யூனிவர்சிட்டி கல்லூரியில், வேதியியலாளர் வில்லியம் ராம்சேயின் ஆய்வகத்துக்கு ஆட்டோ ஹான் என்ற இளம் ஜெர்மானியர் பயிற்சிக்கு வந்தார். இலங்கைத் தோரியனைட்டிலிருந்து பிரித்த உப்பு ஒன்றை ராம்சே அவரிடம் கொடுத்தார். அதை ஆராய்ந்த ஹான் 1905-இல் ரேடியோதோரியம் என்ற புதிய கதிரியக்கப் பொருளைக் கண்டறிந்தார். வேதியியலாளர் ஹானின் கதிரியக்க ஆராய்ச்சி அங்கிருந்துதான் தொடங்கியது. யுரேனிய அணுப்பிளவைக் கண்டுபிடித்ததற்காக 1944-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

கனிம ஆய்வுப் பணிக்காக லண்டன் பல்கலைக்கழகம் 1906-இல் குமாரசாமிக்கு டி.எஸ்சி. பட்டம் அளித்தது.

ஆய்வுப் பயணம் காட்டிய ஊர்கள்

கனிம ஆய்வாளர் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்க முடியாது. பாறை எங்கே தலைகாட்டுகிறதோ அங்கே நடந்து போக வேண்டும். குமாரசாமி தம்பதியர் மாட்டுவண்டி போகும் பாதைகளிலும் அது போகாத மலைத்தடங்களிலும் கண்டி நாட்டின் ஊர்களைச் சுற்றினார்கள். பாறை தேடிப் போன இடங்களில் கொல்லர், தட்டார், தந்தம் செதுக்குவோர், பாய் முடைவோர், கோயில் சுவரில் சித்திரம் தீட்டுவோர் ஆகியோரின் வீடுகள் இருந்தன. எதெலிடம் நிழற்படக் கருவி இருந்தது.

அந்த வீடுகளில் தொழில் மங்கிக்கொண்டிருந்தது. 1815-இல் கண்டி அரசு ஆங்கிலேயர் கைக்குப் போனது. அதுவரை அரசனுக்குப் பணி செய்து அதற்கு ஈடாக நிலம் அனுபவித்த கைவினைக் குடும்பங்கள் ஆதரவை இழந்தன. கோயில்களின் நிலமும் வருமானமும் குறைந்தன. இங்கிலாந்தின் ஆலைத் துணியும் தகரச் சாமானும் சந்தையை நிரப்பின. பணக்காரக் குடும்பங்கள் ஐரோப்பிய நாற்காலியையும் கண்ணாடிப் பாத்திரத்தையும் தேடின. தந்தையிடம் கற்ற தொழிலை மகனுக்குக் கற்றுக்கொடுக்க யாரும் முன்வரவில்லை. கற்றாலும் வாங்க ஆள் இல்லை.

1905-இல் குமாரசாமி கண்டித் தலைவர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். பழைய கட்டடங்களையும் கைவேலைகளையும் காப்பது அவர்கள் கடமை என்பது அதன் சாரம். அதே ஆண்டில் இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தைத் தொடங்கித் தலைவரானார். ஐரோப்பிய உடையையும் பழக்கத்தையும் கண்மூடிப் பின்பற்றுவதை எதிர்ப்பதும், தாய்மொழியில் கல்வி வேண்டும் என்பதும் அச்சங்கத்தின் நோக்கங்கள். 1906 முதல் சங்கம் சிலோன் நேஷனல் ரிவ்யூ என்ற இதழை நடத்தியது. அரசின் சம்பளம் வாங்கிய ஆய்வாளர், அரசின் ஆட்சி என்ன செய்துவிட்டது என்று பட்டியலிடத் தொடங்கியிருந்தார். அவ்வாண்டின் இறுதிக்குள் இலங்கைப் பதவியை விட்டார்; இந்தியாவைச் சுற்றிப் பார்த்து, 1907-இல் இங்கிலாந்து திரும்பினார்.

425 பிரதிகளில் ஒரு வாதம்

இங்கிலாந்தில் பிராட் கேம்டன் என்ற கிராமத்தில் இருந்த பழைய நார்மன் காலத் தேவாலயக் கட்டடத்தை வீடாக மாற்றிக் குடியேறினார்கள். அங்கே வந்த அச்சு இயந்திரம் சாதாரணமானதல்ல. ஆலைப் பொருளுக்கு எதிராகக் கைவேலையை முன்னிறுத்திய வில்லியம் மாரிஸ் தம் கெல்ம்ஸ்காட் அச்சகத்தில் சாசரின் கவிதைகளை 1896-இல் அச்சிட்ட அதே கைஅச்சு. 1907 செப்டம்பர் முதல் 1908 டிசம்பர் வரை, குமாரசாமியின் மேற்பார்வையில், 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்ற பெருநூல் அதில் அச்சாகியது. மொத்தம் 425 பிரதிகள். எதெல் எடுத்த நிழற்படங்கள் பல அதில் இடம்பெற்றன.

நூலைப் புரட்டுபவருக்கு அதை எழுதியவர் கனிமவியலாளர் என்பது சொல்லாமலே விளங்கும். எந்தத் தொழிலுக்கு எந்தக் கருவி, எந்த மூலப்பொருள், அது எங்கிருந்து வருகிறது, எப்படி உருக்கப்படுகிறது, எந்த வடிவத்துக்கு என்ன பெயர், யாருக்கு எவ்வளவு பணிநிலம் என்று ஒவ்வொன்றும் தனித்தனியே பதிவாகியிருக்கிறது. புத்தர் சிலைக்குக் கண் திறக்கும் சடங்கும் அதில் விவரிக்கப்படுகிறது. கைவினைஞர் பயன்படுத்திய சமஸ்கிருத அளவு நூல்களும் இடம்பெறுகின்றன. முதலில் மாதிரி சேகரிப்பு, பிறகு வகைப்பாடு, கடைசியில் முடிவு என்று பாறைகளுக்குக் கையாண்ட வரிசை இங்கே மாறவில்லை. அந்த முடிவு காலனி ஆட்சி மீதான குற்றச்சாட்டு என்பதுதான் வேறுபாடு. கைவினை அழிந்தது காலத்தின் இயல்பால் அல்ல, ஆதரவையும் சந்தையையும் பறித்த ஆட்சியாலும் வணிகத்தாலும் என்று நூல் நிறுவியது. 1909-இல் வந்த 'இந்தியக் கைவினைஞர்', 'தேசிய இலட்சியவாதக் கட்டுரைகள்' ஆகியவை அதே வாதத்தை இந்தியாவுக்கு விரித்தன.

அடுத்த ஆண்டு லண்டனில் அந்த வாதம் பொது அரங்குக்கு வந்தது. ராயல் சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ் கூட்டத்தில் சர் ஜார்ஜ் பேர்ட்வுட், இந்தியாவில் நுண்கலை என்று ஒன்று இல்லை என்ற கருத்தை முன்வைத்து, ஜாவாவின் புத்தர் சிலை ஒன்றை வேகவைத்த கொழுப்புப் புட்டிங்கோடு ஒப்பிட்டார். அதை எதிர்த்து எழுந்த கலைஞர்களும் அறிஞர்களும் 1910-இல் இந்தியா சொசைட்டியை நிறுவினார்கள். குமாரசாமியும் ஈ. பி. ஹாவெலும் அதில் முன்னின்றார்கள்.

பாஸ்டனில் முப்பது ஆண்டுகள்

'சிவதாண்டவம்' கட்டுரை முதலில் 1912-இல் சென்னையின் சைவ சித்தாந்த இதழான சித்தாந்த தீபிகையில் வெளிவந்தது. 1918-இல் அதே தலைப்பில் கட்டுரைத் தொகுப்பாக நியூயார்க்கில் நூலானது. நடராசர் வடிவத்தின் ஒவ்வொரு கையும் காலும் எதைக் குறிக்கிறது என்று சைவ நூல்களைக் கொண்டு விளக்கிய அந்தக் கட்டுரைக்குப் பிறகே, சோழர் வெண்கலத்தை மேற்குலகம் பெருங்கலையாகப் பார்க்கத் தொடங்கியது. பொலன்னறுவைச் சிவாலயத்தில் அகழ்ந்தெடுத்த வெண்கலங்களையும் சேர்த்து 1914-இல் கொழும்பு மியூசியம் வெண்கலங்கள் பற்றிய நூலை வெளியிட்டார். 1916-இல் 'ராஜபுத்திர ஓவியம்' இரண்டு தொகுதிகளாக வந்தது. முகலாய ஓவியத்தின் கிளை என்று ஒதுக்கப்பட்டிருந்த ஒரு மரபுக்குத் தனிப் பெயரும் தனி வரலாறும் அதனால் கிடைத்தன.

இந்தியாவில் தேசிய அருங்காட்சியகம் அமைந்தால் தம் ஓவியச் சேகரிப்பு முழுவதையும் தருவதாக அவர் முன்வந்தார். அது கைகூடவில்லை. முதல் உலகப் போரில் ஆங்கிலேயருக்காக இந்தியர் போரிடுவதை அவர் ஏற்கவில்லை. 1917-இல் அமெரிக்கா சென்றார். அவருடைய சேகரிப்பைக் கலைச் சேகரிப்பாளர் டென்மன் ராஸ் விலைக்கு வாங்கிப் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்கு அளித்தார். குமாரசாமி அங்கே இந்தியக் கலையின் காப்பாளரானார். அமெரிக்க அருங்காட்சியகங்களில் இந்தியக் கலைக்கென்று தனிப்பிரிவு அமைந்ததில் அதுவே முன்னோடி.

1923 முதல் அந்தச் சேகரிப்பின் விளக்கப் பட்டியலைத் தொகுதி தொகுதியாக வெளியிட்டார். 1927-இல் வந்த 'இந்திய, இந்தோனேசியக் கலை வரலாறு' இந்தியாவோடு இலங்கை, பர்மா, சியாம், கம்போடியா, சுமாத்ரா, ஜாவா ஆகியவற்றையும் ஒரே வீச்சில் எடுத்துக்கொண்டது. தென்கிழக்காசியாவின் கலையை இந்தியாவோடு சேர்த்துப் படிக்க விரும்புவோருக்கு நெடுங்காலம் அதுதான் கைநூல். 1930-களில் அவருடைய கவனம் சிலைகளிலிருந்து அவற்றின் பின்னுள்ள தத்துவத்துக்குத் திரும்பியது. 'கலையில் இயற்கையின் மாற்றம்' 1934-இல் வந்தது. வேதம், பிளேட்டோ, கிறிஸ்தவ ஞானியர் ஆகியோரை அருகருகே வைத்து எழுதிய பிற்கால நூல்களில் அடிக்குறிப்புகள் பக்கத்தின் பாதியைப் பிடிக்கும். ஆதாரமில்லாமல் ஒரு வரியும் எழுதுவதில்லை என்ற பழக்கம் ஆய்வகத்தில் தொடங்கிக் கடைசிவரை அவரை விடவில்லை.

1947 ஆகஸ்டில் 70-ஆம் பிறந்தநாள் விருந்தில், ஓய்வு பெற்று இந்தியா திரும்பி இமயமலைப் பக்கம் வாழப்போவதாக அறிவித்தார். இந்தியா சுதந்திரம் பெற்ற அடுத்த மாதம், செப்டம்பர் 9 அன்று, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நீடம் ஊரில் தம் வீட்டில் காலமானார்.

இன்று எஞ்சியவை

1903-இல் அவர் தலைமையில் தொடங்கிய கனிம ஆய்வுத் துறை பல பெயர்கள் மாறி, 1992-ஆம் ஆண்டின் 33-ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டத்தின் கீழ் இலங்கையின் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகமாக இயங்குகிறது. ரத்தினக் கல் அகழ்வுக்கும் விற்பனைக்கும் உரிமம் வழங்குவது, 1993-ஆம் ஆண்டின் 50-ஆம் இலக்கச் சட்டம் உருவாக்கிய தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகாரசபை. கல் எது என்று சொல்லும் ஆய்வகமும், அது யாருக்கு உரியது என்று சொல்லும் சட்டமும் இன்று இலங்கையில் இந்த இரண்டு நிறுவனங்களின் கையில் இருக்கின்றன. செரண்டிபைட்டும் தோரியனைட்டும் கனிமவியல் பாடநூல்களில் நிற்கின்றன. 'மத்தியகாலச் சிங்களக் கலை' பல தடவை மறுபதிப்புக் கண்டு, கைவினைஞரின் தொழில்நுட்பத்துக்கு இன்றும் முதல் சான்றாக எடுத்துக்காட்டப்படுகிறது. கொழும்பில் தேசிய கலைக்கூடம் நிற்கும் தெருவுக்கு ஆனந்த குமாரசாமி மாவத்தை என்று பெயர்.